ஏழாம் எண்

தார்த்துவில் பிப்ரவரி. மைனஸ் பதினெட்டு.
ஆய்வகத்தில் ஏழாம் எண் கணினி
வெள்ளியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.
திரையில் ஒரு பெயர்: ரூபென் காஸ்க்.
கீழே கடவுச்சொல்லுக்கான வெற்றுக் கட்டம்.

"கொன்றுவிடு அதை, ஊர்வே" என்கிறாள் மெர்லே,
கையுறையைக்கூடக் கழற்றாமல்.
பத்துப் பேருக்கு எட்டே லினக்ஸ் பெட்டிகள்.

ரூட் என்று பெயர் எனக்கு இங்கே.
வேர்.
மண்ணுக்கடியில் எல்லார் வீட்டுக்குள்ளும் போகும்,
கதவு தட்டாது.

கொல்ல ஒரு வரி போதும்.
திறக்கவும் ஒரு வரிதான்.
சேமிக்காதது ஏதும் இருக்கிறதா பார்க்கலாம் என்றுதான்
(அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்)
திறந்தேன்.

அனுப்பாத மடல். பெறுநர், நான்.
"ஊர்வே, பஸ்ஸுக்கு நேரமாகிறது.
கணக்கு வியாழன்தான் முடியும். தயவுசெய்து யாரும்"
அங்கேயே நின்று
கண் சிமிட்டுகிறது கர்சர்.

எனக்கு எழுதியதுதான்.
ஆனாலும் அவன் இன்னும் தரவில்லையே.
சரி என்று பதில் போட்டால்
பார்த்தேன் என்றாகிவிடும்.

மறுபடி பூட்டினேன்.
'பழுது' என்று ஒரு தாளில் எழுதி
திரைமேல் ஒட்டினேன்.

மெர்லே தாளைப் படித்தாள்.
பெட்டிக்குள் விசிறி
மூச்சிரைக்க ஓடுவதைக் கேட்டாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.