அறுபத்தொன்று

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய மதியம்
மஞ்சக்குப்பத்தில், டயர் கடைக்கு மேல்மாடியில்
முப்பத்தாறு பேர் சீட்டைத் தொட்டோம்.
இப்போது ஐந்தாம் எண். நான்கு பேர்.
மூன்று பேருக்குப் பணம் உண்டு.
நான்காவது ஆளுக்கு
இருட்டுப் படியிறங்க ஒரு கைப்பிடிச் சுவர்.

நூற்றொன்றைத் தொட்டால் வெளியே.
நான் அறுபத்தொன்று.
இரண்டு தடவை ஸ்கூட் விட்டது நாற்பது.
ஒரே ஒரு தடவை துணிந்து ஆடினேன்,
கஜபதி ஷோ வைத்தபோது என் கையில் இருபத்தொன்று.
ஆடாமலே கவிழ்த்திருந்தால் இருபது.

ஒரு புள்ளிதானே என்பீர்கள்.
அறுபதில் நிற்பவனுக்கு இன்னும் இரண்டு ஸ்கூட்.
அறுபத்தொன்றில் நிற்பவனுக்கு ஒன்று.
அப்புறம் கட்டாயம்:
எந்தக் குப்பை வந்தாலும் ஆடியே தீர வேண்டும்.

பிழைப்புக்கு ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன்.
போட்டுகள் கட்டிக் கிடக்கும் நாளில்
நூற்றெண்பது பார் உள்ளே வெள்ளையாக உட்கார்ந்திருக்கும்.
முதலாளி போனில் சொல்லிவிட்டார்,
கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடாதே,
டீசல் விலைக்கு உருகட்டும்.
அவருக்கு இன்னும் ஸ்கூட் மிச்சமிருக்கிறது.

எதிரே ஜெரோம்.
முத்தியால்பேட்டையிலிருந்து மழையிலேயே பைக்கில் வந்தவன்,
சட்டையை நாற்காலி முதுகில் காயப்போட்டுவிட்டுப் பனியனோடு.
தொண்ணூற்றேழு.
நாலு ஆட்டமாகக் கட்டாயத்தில் கிடக்கிறான்,
போகமாட்டேன் என்கிறான்.
அவன் போனால் எனக்குக் குறைந்தது ஒன்பதாயிரம்.
நான் போனால் அவனுக்கு.
அமலோற்பவம் சிஸ்டர் சீட்டை அடுக்குவதே இல்லை,
வந்தபடி பிடித்துக்கொண்டு
காற்றில் அடிக்கும் ஜன்னலைப் பார்க்கிறார்.

எடுத்தேன்.
ஆட்டினில் நாலு ஐந்து ஆறு.
ஒரு ஜோக்கர்.
இஸ்பேட் ஒன்பது, பத்து.
கிளாவரில் ராஜாவும் ராணியும், அழைக்காமல் வந்த தம்பதி.
மீதி ஐந்தும் பஸ் ஸ்டாண்ட் கூட்டம்.

பசித்தவனுக்கு இது நல்ல கை.
பயந்தவனுக்கும் நல்ல கை, அதுதான் தொல்லை.
மோசமாக வந்திருந்தால்
முடிவு தன்னைத் தானே எடுத்துக்கொண்டிருக்கும்.

முதல் பரிசு நாற்பதாயிரம்.
அதற்கு எப்போதாவது ஆடித்தான் ஆக வேண்டும்.
எப்போதாவது.
இப்போது வேண்டாம் என்பதற்கு
எவ்வளவு மரியாதையான பெயர்.

கவிழ்த்தேன். எண்பத்தொன்று.

இரண்டாம் சுற்றில் கஜபதி
இஸ்பேட் ஜாக்கியை என் பக்கமாக வீசினார்.
கடன் கொடுத்தவனைக் கடைத்தெருவில் கண்டதுபோல்
வேறெங்கோ பார்த்தேன்.
ஐந்தாம் சுற்றில் ஷோ வைத்தது
ஜெரோம்.
கைகூடத் தட்டவில்லை அவன்,
பனியனில் கையைத் துடைத்துக்கொண்டான்.

“மணி என்னாச்சு?” என்றார் அமலோற்பவம்.
“ஆறுக்கு எனக்குப் பிரசவ வார்டு.”

மறுபடி பதின்மூன்று சீட்டு என் முன்னால்,
முகம் கவிழ்ந்து.
ஆடலாமா வேண்டாமா என்று
மதியத்திலிருந்து தலைக்குள் ஓடிய மோட்டார்
நின்றுபோயிருந்தது.
அந்த அமைதியில்தான் மழையே கேட்டது.

அப்போது கரண்ட் போனது.
ஊர் முழுக்க.
உழவர் சந்தைப் பக்கம் ஏதோ தகரம் பறந்து விழுந்தது.
யாரும் சீட்டைத் தொடவில்லை.
இருட்டில் முதலில் சிரித்தது ஜெரோம்,
அடுத்தது நான் என்று நினைக்கிறேன்.

ஐஸ் உருகத் தொடங்கியிருக்கும்.

வெளிச்சம் வரட்டும் என்றார் கஜபதி.
நான் தடவி
முதல் சீட்டை எடுத்துவிட்டேன்.