உமி

சீட்டுப் பணம் ஆயிரத்து இருநூறு தரவேண்டிய பிரிட்டோ
தடைக்காலத்தின் இருபதாம் நாள்
பணத்துக்குப் பதிலாக ஒரு கூண்டோடு வந்தான்.
உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கிளி,
தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு.
"வெளிநாட்டுச் சாதிக்கா, வெல கூட" என்றான்.
தீனி கேட்கும் கடனை
அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வேதாளையிலிருந்து விடியுமுன் கம்பெனி வேன்.
மண்டபத்தில் அவித்த நண்டைப் பிளந்து
சதையெடுக்கும் வேலை, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
ஓட்டைக் கூடையில் தள்ளுமுன்
மேற்பார்வை ஜெஸிந்தா கையுறை விரலால் கிளறிப் பார்ப்பாள்.
கால் இடுக்கில் ஒரு நூலிழை தங்கியிருந்தாலும்
"இது யார் வீட்டுச் சொத்து?" என்பாள்.
பதினோரு வருஷம்.
வெறும் ஓடு எது, சதையுள்ளது எது என்று
இருட்டிலும் சொல்லும் விரல்கள் இவை.

அந்த விரல்களோடு வீட்டுக்கு வந்தால்
கூண்டுக்குக் கீழே கொய்யா,
ஒரே கொத்து கொத்திவிட்டு எறிந்த கொய்யா.
சோளத்தில் முளைக்கண்ணை மட்டும் தோண்டிக்கொண்டு
மஞ்சளை அப்படியே துப்பியிருக்கும்.
தினை சுவரோரம், தினை என் செருப்பில்,
தினை அடுத்த வீட்டு நூருன்னிசாவின் கோழி வாயில்.
மகராசி,
கல்யாண வீட்டு முதல் பந்தியில் உட்கார்ந்த மாதிரி
எடுக்கும், பார்க்கும், போடும்.
ஜெஸிந்தாவைக் கூட்டிவந்து
இந்தக் கூண்டு முன்னால் நிறுத்தவேண்டும்.

பிறகு நானே ஜெஸிந்தா ஆனேன்.
காலையில் ஒரு தேக்கரண்டி, விளக்கு வைக்கும் நேரம் ஒன்று.
கேரட்டைத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கினேன்,
பெரிய துண்டென்றால் எறிய வாட்டம்.
முருங்கைக் கொத்தைக் கம்பியில் தலைகீழாகக் கட்டினேன்,
தொங்கித் தின்னட்டும், பொழுதாவது போகும்.
உப்புக்காற்றில் நமுத்துப் போகாமல்
தினையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு இறுக்கினேன்.
பாத்திரம் கழுவிய நீர் ஓடும் இடத்தில்
சிதறினவை பச்சையாய் முளைத்திருந்தன;
அதைக் கிள்ளி வைத்தேன்,
அதை மட்டும் மிச்சமில்லாமல் தின்றது.
அடித்தட்டில் விழுந்ததை அள்ளி நூருன்னிசாவுக்குக் கொடுத்தேன்.
வெள்ளிக்கிழமை இரண்டு முட்டை வந்தது.
கணக்கு நேராகிக்கொண்டிருந்தது.

நாட்டுப்படகு நண்டு குவிந்த வாரம்,
இரண்டு நாளும் இரட்டை ஷிப்ட்.
கீரை கட்ட நேரமில்லை.
கிண்ணத்தை எட்டிப் பார்த்தால் விளிம்புவரை இருந்தது.
பரவாயில்லை, கிளி அடங்கிவிட்டது என்று
புதிதாக ஒரு மணியும் போடவில்லை.

மூன்றாம் நாள் கத்தவில்லை.
கொண்டை படிந்து
ஒற்றைக் காலை மடித்து
ஈரப் பஞ்சு மாதிரி உட்கார்ந்திருந்தது.
கிண்ணத்தை வெளியே எடுத்தேன்,
தூசி படிந்திருக்கிறதே என்று ஊதினேன்.

எல்லாம் பறந்தது.

உமி.
ஒவ்வொரு தினையையும் அலகில் உருட்டி உரித்து
தோலை மட்டும்
கிண்ணத்துக்குள்ளேயே திருப்பிப் போட்டிருக்கிறது,
ஒன்றுகூட வெளியே சிந்தாமல்.
அடியில் பதினான்கு மணி. எண்ணினேன்.
பதினோரு வருஷ விரல்கள்!

பாட்டிலைச் சாய்த்தேன், கரண்டி தேடவில்லை.
முதலில் ஒன்று. பிறகு அவசரமாகப் பத்து.
பிறகு பழையபடி பாதியை எறிந்தது.
சிமெண்டுத் தரையில் தினை விழும் சத்தத்தைக் கேட்டபடி
சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்,
கையெல்லாம் நண்டு வாடை.

தடை முடிந்து விசைப்படகுகள் போய்வந்த முதல் வாரம்
எழுநூறு ரூபாயோடு பிரிட்டோ வந்தான்.
கூண்டைக் குனிந்து பார்த்தான்.
"என்னக்கா, கிண்ணம் காலியா கெடக்கு?"
"காலியா கெடந்தாத்தாம்ப்பா தின்னிருக்கு.
மீதி ஐநூறு எங்க?"
தலையைச் சொறிந்தான்.
கிளி ஒரு கேரட் குச்சியை எடுத்து
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து
அவன் கால்மேல் போட்டது.