பின்னணி எண்ணிக்கை

ஹாம்பர்க், அறுபத்து மூன்று, பிப்ரவரி.
முடுக்கி இன்னும் எதையும் முடுக்கவில்லை.
எல்பே ஆறு உறைந்து முனகுகிறது என்றார்கள்;
போய்ப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

மின்னும் பிளாஸ்டிக்கில் ஒரு பலகை, இரண்டு முழம்.
விளிம்புகளை வீப்கே ஹார்ம்ஸ்
பற்பசை தொட்டுத் தேய்த்தாள்.
ஒரு கீறல் மிஞ்சினாலும்
உள்ளே பிறக்கிற வெளிச்சம் வழியிலேயே செத்துவிடும்.
பிறகு அலுமினியத் தாள்,
அதன்மேல் கருப்பு நாடா, அதன்மேலும் கருப்பு நாடா.
"இதற்கு எதற்கு இத்தனை இருட்டு?" என்றேன்.
"இதுதானே கண்" என்றாள், நாடாவைப் பல்லால் கடித்தபடி.

ஒளிப்பெருக்கிக் குழாயை ஒட்டினோம். இரண்டாயிரம் வோல்ட்.
வானத்திலிருந்து விழுபவை நிமிடத்துக்கு இவ்வளவு,
காங்கிரீட்டிலிருந்து கசிபவை இவ்வளவு என்று
கணக்கு உண்டு.
எண்ணிக்கை கணக்கைத் தாண்டி ஓடியது.

எங்கோ வெளிச்சம் நுழைகிறது.
விளக்கணைத்து, டார்ச்சை மட்டும் தையல் தையலாக நகர்த்தினோம்.
மூன்று நாள்.
ஓக்கே பெட்டர்சன் தன் ஊர்ப் பேச்சில் திட்டித் தீர்த்தான்.
வீப்கே சாப்பிடப் போனால் எண்ணிக்கை அடங்கும்,
திரும்பி வந்தால் ஏறும்.
"உன்மேல் அதற்கு ஆசை" என்று சிரித்தார் டாக்டர் லோரென்ட்சென்.
அவள் சிரிக்கவில்லை.

நான்காம் இரவு டார்ச் தீர்ந்துபோனது.
அவள் சட்டைக் கையை மடித்தாள்.
மணிக்கட்டில் பச்சையாய்ப் பன்னிரண்டு புள்ளிகள், இரண்டு முட்கள்.

ஆண்கள் கட்டும் கடிகாரம். ரேடியம் பூசிய எண்கள்.
தம்பியுடையதாம்; நீர்மூழ்கியில் ஏறும் முன்
பழுது பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனவன்.
பழுது பார்த்துவிட்டிருக்கிறாள்.

கழற்றித் தூர வைத்தாள். எண்ணிக்கை விழுந்தது.
கட்டிக்கொண்டு வந்தாள். ஏறியது.
மறுபடி கழற்றினாள்,
ஓக்கே பென்சிலைத் தேடி எடுக்கும்வரை.

அதன்பின் கடிகாரம்
கூடத்தின் மறுகோடியில், ஈயப் பெட்டிக்குள்.
மணி கேட்டால் நாங்கள் சொல்வோம்.
காலை ஏழுக்கு மட்டும் அது வெளியே வரும்:
பலகையின் நடுவில் ஒரு நிமிடம்,
இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு நிமிடம்.
பதிவேட்டில் அதற்கென ஒரு பத்தி, அவள் கையெழுத்தில்.
தலைப்பு: ஹின்னெர்க்.

முதல் கற்றை வந்த அன்றும்
எலெக்ட்ரான்களுக்கு முந்தைய வரி அதுதான்:
ஹின்னெர்க், நான்காயிரத்து இருநூற்றுப் பதினொன்று.
நேற்றைவிட நூறு குறைவு.
குழாய்க்கு வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டினோம்.