ஒப்புக்குச் சப்பாணி

இரவு இரண்டே கால்.
ரொசாரியோ நகரில், பரானா ஆற்றுக்கு மூன்று தெரு தள்ளி,
கூட்டுறவு ரொட்டிக்கடையின் பின்கட்டில்
மாவு மூட்டைமேல் மடிக்கணினியைச் சாய்த்து
என் பணப்பையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தோலில்லை, ஜிப்பில்லை, பெயர் மட்டும் வாலட்.
"வலையை எட்ட முடியவில்லை" என்கிறது,
சிவப்பில், பணிவாக,
வீட்டில் ஆளில்லை என்று
உள்ளேயிருந்தே குரல் கொடுப்பவனைப்போல.

மூடித் திறந்தேன்.
ரௌட்டரைப் பிடுங்கி முப்பது எண்ணிச் செருகினேன்.
வேறு பிரவுசர். வேறு சர்வர்.
முகவரியின் வாலில் ஒட்டியிருந்த சாய்கோட்டைக்கூடக்
கிள்ளி எறிந்தேன்.
உள்ளேயிருந்து அதே குரல்.

சோதனை வலை என்றால் என்னவென்று
ஸுலேமா மாலையில் கேட்டாள், முழங்கைவரை மாவோடு.
பூட்டு உண்டு, சாவி உண்டு,
பெட்டிக்குள் ஒன்றும் கிடையாது என்றேன்.
யோசித்தாள்.
"தெருப் பந்தாட்டத்தில் என் கடைசித் தம்பி மாதிரி.
அழாமலிருக்கச் சேர்த்துக்கொள்வோம்,
அவன் போட்ட கோலை எண்ணமாட்டோம்."
அதேதான். ஒப்புக்குச் சப்பாணி.

காலை பத்துக்குக் கூட்டம்.
பதினேழு பங்காளிகள் கை தூக்க வேண்டும்,
ரொட்டிச் சீட்டைச் சங்கிலியில் ஏற்றலாமா என்று.
பேசோவில் அச்சடித்தால்
மை காய்வதற்குள் விலை மாறிவிடுகிறது,
நோட்டை நம்பாதீர்கள், ரொட்டியை எண்ணுங்கள் என்று
மார்ச் மாதம் மேசையைத் தட்டிப் பேசியவள் நான்.
இப்போது ஒரே ஒரு சீட்டு
இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்குப் போகவேண்டும்.
அவ்வளவுதான்.
அதுதான் போகவில்லை.

மூன்று மணி. கைகழுவும் குழாய் சொட்டுகிறது.
சோதனைக் காசுக்கும் ஒரு குழாய் உண்டு, இணையத்தில்.
நாளுக்கு ஒரு சொட்டு, இலவசம்.
வரிசையில் நின்று நேற்று பிடித்தேன்.
இருப்பு: சுழியம் என்கிறது இன்று.
ஒரு ரொட்டித் தூளுக்கும் பெறாத காசு.
அது தொலைந்ததற்கா நெஞ்சு
இப்படி அடித்துக்கொள்கிறது?

ஃபெர்மீன் வந்து எட்டிப் பார்த்தான், அடுப்புத் துடுப்போடு.
கணினி அவனுக்கு ஆகாது.
மாவு மில்லின் பில்லை இலக்கம் இலக்கமாய்ப் பிடிப்பான்;
இருபது வருடம் ஏமாந்து கற்றது.
"அந்த எண் என்ன?"
வலையின் அடையாள எண், என்றேன்.
"வாசி."
மூன்று ஒன்று, இரண்டு ஐந்து, மூன்று ஒன்று.
எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே முகம்,
தூக்கத்தில்கூடச் சொல்வேன்.
"மனசில் இருப்பதைச் சொல்கிறாய், நெலிடா.
அங்கே இருப்பதை வாசி."

விரல் வைத்தேன்.
ஒன்று.
ஒன்று.
ஒன்று.
ஒன்று.

ஃபெர்மீன் ஒன்றும் சொல்லவில்லை.
அது அவன் செய்த பெரிய உபகாரம்.

அழித்தேன். சேமித்தேன்.
ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி,
ஐந்து மணிநேரம் நான் யாரையும் திட்டாததுபோல.

அவனுடைய விரிசல் விட்ட கைபேசிக்கு
முதல் சீட்டை அனுப்பினேன்.
பன்னிரண்டு வினாடி.
அதற்குள் அவன் ஒரு தட்டை இறக்கி
இன்னொன்றை ஏற்றிவிட்டான்.
கைபேசி துள்ளியது.

"இதைக் கொடுத்தால் ரொட்டி தருவார்களா?"
மாட்டார்கள்.
"பேருந்து?"
இல்லை.

கைபேசியை உயர்த்தி
அடுப்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்,
நீரோட்டக் குறியைத் தேடுகிறவன்போல, இரு பக்கமும்.

"கள்ளநோட்டு இல்லை," என்றான் கடைசியில்.
"செல்லாது. அவ்வளவுதானே."
மாவு படிந்த விரலால் துடைத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்,
பொத்தானையும் மாட்டினான்.