விடுபட்ட மதிப்பு

தெற்குவாடி ஏலத் தாள்களில்
சூடை என்று ஒரு நாள், சூடைமீன் என்று மறுநாள்,
வாலில் ஒட்டிய வெற்றிடத்தோடு சூடை என்று இன்னொரு நாள்.
ஆர் மொழிக்கு மூன்றும் மூன்று மீன்.
வெட்டி ஒட்டி ஒன்றாக்கினேன்.

மீன் என்பதில் எத்தனை எழுத்து என்றால்
நான்கு என்கிறது,
சுழியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி.
சரி, அதன் கணக்கு அது.

நம் எழுத்தில் புள்ளி
உயிரை மட்டும் எடுக்கும்.
அங்கே புள்ளி என்றால் எந்த எழுத்தும்.
முன்னால் சாய்கோடு இடாமல்
புள்ளிகளை நீக்கு என்றேன்,
படகுக்காரர்களின் தலைப்பெழுத்தெல்லாம்
வெறும் மேற்கோள் குறிகள்.

திருத்தி, சேமித்து, மறுபடி திறந்தால்
ஒரே ஒரு வரி குறைகிறது.
என்.ஏ. லடிஸ்லாஸ்.
புள்ளிகள் போன என்ஏவுக்கு
அந்த மொழியில் 'விவரம் இல்லை' என்று பொருள்.
நானூறு கிலோ கணவாயோடு
கூட்டலிலிருந்து ஆளைக் காணோம்.

காணோம்.
பாம்பனில், அதுவும் வாடைக்காற்று நாளில்,
வாய்விட்டுச் சொல்லும் சொல்லா இது?

போன் செய்தேன்.
"ஐஸ் ஏத்திக்கிட்டிருக்கேன், என்னம்மா?"
"ஒண்ணுமில்லண்ணே. சும்மா."

வைத்துவிட்டு
இரண்டு புள்ளிகளையும்
இருந்த இடத்தில் வைத்தேன்.