செல்வினின் இடம்

உறையில் ஐந்து பேர்.
நாலு பேருக்கு முழு உடம்பு.
புதுப் பாடகனின் தோளில் பாதியை
அச்சகம் வெட்டிவிட்டது.
லண்டன் மழையில் மற்றவர் தலையெல்லாம் நனைந்திருக்க
இவன் தலை மட்டும் காய்ந்திருக்கிறது.
பிறகு எடுத்து ஒட்டிய படமோ என்னவோ.

கோல் பார்ஜ் குழுவின் ஆறாவது இசைத்தட்டு.
பழைய பாடகன் ராய் டன்மோர்
சண்டை போட்டுப் போனானா, சலித்துப் போனானா,
காக்ஸ் டவுனில் யாருக்கும் தெரியாது.
ஆனாலும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.

எங்கள் செல்வின் போன காரணம் தெரியும்.
பெர்த்தில் அக்கா, விசா, ஒருவழி டிக்கெட்.
கன்டோன்மென்ட் ஸ்டேஷனில்
கிட்டார்க்கார டெரன்ஸ் அழுதான்.
டிரம்ஸ் முனிரத்தினம்
கிளம்பும் வண்டியின் தாளத்தைத் தொடையில் தட்டினான்.
நான் அப்போது அவர்களுக்கு ஆம்ப் தூக்குகிறவன்.
அல்சூர், ராணுவக் கேன்டீன் கிளார்க் மகன்.

மூன்றாம் வாரம் தட்டை என் கையில் வைத்து
"இவனும் உன் மாதிரிதான், கேள்" என்றான் டெரன்ஸ்.

கேட்டேன்.
டன்மோர் தொண்டைக்குள் ஒரு சுரங்கமே இருந்தது.
இவன் சலவைக்குப் போய் வந்த சட்டை.
உச்சத்துக்கு ஏறும்போது
படிகளை எண்ணுகிறவன்போல ஏறுகிறான்.
மோசம் என்று சொல்ல முடியாது.
அதுதான் மோசம்.

நான்காவது பாட்டு வேறு.
கிட்டார் இரண்டு வரி வாசித்துவிட்டு நிற்கிறது.
அங்கே டன்மோர் ஒரு முனகல் வைப்பான்,
ஐந்து தட்டிலும் வைத்திருக்கிறான்.
பழகிய விரல், நின்றுவிட்டது.
புதியவன் முனகவில்லை.
வாய் திறந்து மூடிய சத்தம் மட்டும்,
அது ஊசி தேய்ந்த சத்தமாகவும் இருக்கலாம்.
எட்டுத் தாளம் காலி.
பிறகு எதுவும் நடக்காததுபோல் பாட்டு.

அந்த டிசம்பர் ரெசிடென்சி ரோட்டில் ஒரு கல்லூரி விழா.
செல்வினின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன்,
கை மூன்று விரல் நீளம்.
என் 'ர'வுக்கு முன்வரிசை சிரித்தது.
இரண்டாம் பாட்டிலேயே பின்வரிசை
செல்வின், செல்வின் என்று கத்தியது.
அதில் என் அண்ணனும் கத்தினான்.
அவன் குரல் எனக்குத் தெரியாதா.

மூன்றாம் பாட்டில் டெரன்ஸ் நின்றான்.
செல்வின் "கமான்" என்று இழுக்கிற இடம்.
டெரன்ஸ் திரும்பிப் பார்த்தது என்னை இல்லை,
எனக்கு இடப்பக்கம் ஓரடி தள்ளி,
செல்வின் உயரத்துக்கு.
நான் வாயை மூடிக்கொண்டேன்.
முனிரத்தினம் ஒற்றைக் குச்சியால்
டிரம் விளிம்பில் எண்ணினான்.
மைதானம் அடங்கிப்போனது என்று எழுத ஆசைதான்.
அடங்கவில்லை.
யாரோ சுண்டலுக்குச் சில்லறை கேட்டார்கள்.
ஒன்பதாவதில் நுழைந்தேன்,
கொஞ்சம் சீக்கிரமாக.

ஆம்பை நானே தூக்கிக்கொண்டு இறங்கும்போது
டெரன்ஸ் சொன்னான்:
"அடுத்த தடவை எட்டையும் முழுசா நில்லு."

ஏழாவது தட்டு வந்ததா, தெரியாது.
என்னிடம் இருப்பது இதுதான்.
உறையின் பின்பக்கம், சவுண்ட் எஞ்சினியருக்குக் கீழே,
பொடி எழுத்தில் அவன் பெயர்:
கென் ஆல்ட்ரிட்ஜ்.
சத்தமாக உச்சரித்துப் பார்க்கிறேன்.
என் 'ர' அதில் நன்றாகவே உட்காருகிறது.