அரைப்பேர்

டார்செட்டிலிருந்து பமீலா எழுதுகிறாள்:
எச்சில் சோதனையில்
எனக்கும் அவளுக்கும் நூற்றில் ஒரு பொருத்தமாம்.
ஜாதகமென்றால் தரகரே எழுந்து போயிருப்பார்.

மரம் வரைந்து இணைத்திருக்கிறாள்.
ஆர்தர் என்ற கிளை மட்டும்
பீர்மேட்டுக் காய்ச்சலில் ஒடிந்து நிற்கிறது:
மணமாகாதவர்.
பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம், காலியாக.
உங்கள் வழிப் பெண்ணின் முழுப்பெயர் வேண்டும்.

வண்டிப்பெரியாறு எஸ்டேட் ஆபீசில்
கரையான் மிச்சம் வைத்த செக்ரோல்.
கிளார்க் குரியாச்சன் மூக்கைப் பொத்திக்கொண்டு புரட்டினார்.
நம்பர் 214, சுடலி.
ஜூன், ஜூலை முழுக்க அரைப்பேர்.
ஆகஸ்டில் பேரே இல்லை.
செப்டம்பர் மூன்றாம் தேதி
மறுபடியும் கொழுந்து, பதினெட்டு ராத்தல்.
அதே வாரம்
துரையின் கையெழுத்து மாறுகிறது.

போட்டோ எடுத்து அனுப்பினேன்.
ராத்திரியே பதில்:
அழகான பெயர்.
214 என்பது வீட்டு இலக்கமா?